டி60-க்கு வெளி டேங்க்: ஒசரத்துல வைக்கலாமா, ட்யூபை எங்க கட்டுறது

2 மார்ச் 2014, ஞாயிறு (கேள்வி)

அண்ணே வணக்கம், மலேசியா பேராக்ல பாகான் செராய்லேர்ந்து எழுதுறேன். எப்சன் டி60 போட்டோ பிரிண்டர் ஒன்னு செகண்ட் ஹேண்ட்ல கெடச்சுது, தோட்டத்துக் கோயில் திருவிழா, பொறந்தநாள், நிச்சயதார்த்தம்னு 4ஆர் (நாலுக்கு ஆறு இஞ்ச்) போட்டோ அடிச்சுக் குடுக்கலாம்னு ஒரு யோசனை. கேட்ரிஜ் வாங்கி கட்டுப்படியாகாதுன்னு ஆறு கலர் டேங்க் செட் (வெளிய டேங்க்ல இங்க் ஊத்துனா ட்யூப் வழியா கேட்ரிஜுக்குப் போறது) வாங்கிட்டேன். செட்டு வித்தவரு டேங்கை பிரிண்டர் தலைமேலயே ஒட்டிடு, ஒசரத்துல இருந்தா இங்க் நல்லா எறங்கும், எடமும் மிச்சம்னாரு. அப்படியே ஒட்டிடவா?

2 மார்ச், ராத்திரி (பதில்)

ஒட்டாத தம்பி. டேங்க் பிரிண்டர் நிக்கிற அதே மேசையில, அதே மட்டத்துல நிக்கணும். பிரிண்டர் மேல வேணாம், கீழ ஸ்டூல்லயும் வேணாம். மத்தத நாளைக்கு எழுதுறேன், கடை அடைக்கிற நேரம்.

3 மார்ச்

சரி, ஏன்னு சொல்றேன். இந்த வகை பிரிண்டர்ல ஹெட்டுக்குள்ள, அதான் பேப்பர் மேல இங்கைத் தெளிக்கிற பாகம், இங்க் சும்மா தொங்கிக்கிட்டு நிக்குது, கீழ விழாம. இங்க் வெளிய வர்ற நாசில் ஓட்டை அவ்ளோ சின்னது, அதோட ஹெட்டுக்கு மேல கேட்ரிஜ் பக்கம் இங்கை லேசா பின்னாடி இழுத்துப் புடிச்சிருக்கிற மாதிரி ஒரு அழுத்தம் இருக்கணும். அந்த இழுப்பு இருக்கிறதாலதான் ஹெட் கேட்கிறப்ப மட்டும் சொட்டு போகுது. டி60-ல ஒரு கலருக்கு 90 நாசில், ஆறு கலர், சொட்டு 1.5 பிக்கோலிட்டர் வரைக்கும் சின்னதாப் போகும். நீ டேங்கை மேல ஏத்திட்டா அந்த இழுப்பு போயிடும், தண்ணித்தொட்டி கணக்கா இங்க் தன்னால எறங்க ஆரம்பிச்சிரும். ராத்திரி முழுக்க எறங்கும். காலைல வந்து பாத்தா ஹெட் போய் உக்கார்ற கேப்பிங் பஞ்சு நெறஞ்சு, ஆறு கலரும் கலந்து, மஞ்சள் நாசில்ல கறுப்பு ஏறி, பிரிண்டர் அடியில மேசை வரைக்கும் வந்து நிக்கும். ஈப்போல ஒரு கல்யாண வீடியோக்காரரு இதே மாதிரி அலமாரி மேல டேங்கை வச்சுட்டு, ஆல்பம் டெலிவரி அன்னைக்கு என் கடைக்கு ஓடி வந்தாரு. அவருக்கு அன்னைக்கு ஒரு படம் கூட ஒழுங்கா வரல, எல்லாத்தையும் நான் அடிச்சுக் குடுத்தேன்.

கீழ வச்சா அதுக்கு நேர்மாறு. இங்க் டேங்குக்கே திரும்பிப் போகும், நாசில்ல காத்து ஏறும். மொதல் ரெண்டு படம் அழகா வரும், மூணாவதுல கோடு விழும். ஹெட் கெட்டுப் போச்சுன்னு நெனச்சு ஹெட் கிளீனிங் மேல கிளீனிங் குடுத்து இங்கைத்தான் வீணாக்குவீங்க. ஹெட்டுல ஒன்னும் இருக்காது, மேசைதான் தப்பு.

எடம் இல்லன்னா பெரிய மேசை தேடு. அதுக்கு வேற வழி கெடையாது.

3 மார்ச், சாயங்காலம்

தம்பி டேங்க் படம் அனுப்பிருக்கான். படத்துல ரெண்டு மூடியும் தொறந்து கெடக்கு. அதனால இத இப்பவே எழுதிடுறேன், நெறய பேர் கவனிக்காத எடம் இது.

ஒவ்வொரு கலருக்கும் டேங்க்ல ரெண்டு அறை இருக்கும், ஒன்னு பெருசு ஒன்னு சின்னது, அடியில ரெண்டுக்கும் தொடர்பு. பெரிய அறைக்கு ரப்பர் மூடி, சின்ன அறைக்கு ஏர் பில்டர். பிரிண்டர் ஓடுறப்ப பெரிய மூடி இறுக்கமா மூடியிருக்கணும், சின்னது தொறந்து பில்டர் மாட்டியிருக்கணும். காத்து சின்ன அறை வழியா அடியில போய் குமிழ் குமிழா பெரிய அறைக்கு ஏறும். அதனால பெரிய அறையில இங்க் நெறய இருந்தாலும் கொறஞ்சாலும் ஹெட்டுக்குப் போற அழுத்தம் ஒரே மாதிரி இருக்கும், சின்ன அறையோட அடி மட்டத்துக்குத்தான் கணக்கு. இந்த டேங்கோட மொத்த வித்தையும் அதுதான். ரெண்டையும் தொறந்து வச்சா அது வெறும் பாட்டில் ஆயிடுது, இங்க் நெறஞ்சிருந்தா ஒரு அழுத்தம், கொறஞ்சா இன்னொரு அழுத்தம்.

இங்க் ஊத்துற நேரத்துல மட்டும் இது தலைகீழா. மொதல்ல சின்ன ஓட்டையை அடை, அப்புறம் பெரிய மூடியைத் தொற, ஊத்து, பெரிய மூடியை அமுக்கி மூடு, கடைசியா சின்னதைத் தொறந்து பில்டர் வை. இந்த வரிசையை மாத்துனா இங்க் சின்ன அறையில ஏறி பில்டரை நனைச்சிடும். நனைஞ்ச பில்டர்ல காத்து போகாது. காத்து போகலன்னா இங்க் வராது. பில்டர் நனைஞ்சா புதுசு மாத்து, கழுவி காய வச்சு போட்டு நாள் கடத்தாத.

உன் படத்துல மஞ்சளும் லைட் சியானும் (வெளிர் நீலம்) சின்ன அறையில மேல வரைக்கும் நிக்குது பாரு. பெரிய மூடியைத் தொறந்து வச்சு, டேங்கை பெரிய அறை கீழ வர்ற மாதிரி சாய்ச்சா இங்க் திரும்பப் போகும். சாய்ச்ச நெலைலயே பெரிய மூடியை அமுக்கு, அப்புறம் நிமித்து.

4 மார்ச்

நேத்து எழுதுனதுல நம்ம ஊரு வெயில சேர்க்காம விட்டா அது முழுசா இல்ல. புத்தகத்துல சொல்ற கணக்கு ஏர்கோன் ரூமுக்கு. என் கடைக்கு மேல தகரம். இந்த மாசம் மழையே காணோம், மத்தியானம் உள்ள நிக்க முடியல. பெரிய அறையில மூடி வச்ச காத்து சூட்டுல விரியும், விரிஞ்சு இங்கை சின்ன அறைக்குத் தள்ளும். டேங்க்ல இங்க் கொறய கொறய காத்து ஜாஸ்தி, அப்ப தள்ளுறதும் ஜாஸ்தி. மத்தியானம் பில்டர் ஓரமா இங்க் கசியுதுன்னா காரணம் இதுதான், டேங்க் ஓட்டைன்னு நெனச்சுக்காதீங்க. பாதிக்குக் கீழ எறங்க விடாம ஊத்திக்கிட்டே இருங்க, ஜன்னல் வெயில் படுற எடத்துல டேங்க் வேணாம்.

9 மார்ச்

இப்ப ட்யூப். கேள்வி கேட்டது ஒசரத்தப் பத்தின்னாலும் டேங்க் செட்டு மாட்டி தோத்துப் போனவங்கள்ல பெரும்பாலும் ட்யூப்லதான் தோத்திருக்காங்க. இங்க் எது மலிவு, எந்தக் கடையில வாங்குனன்னு எல்லாரும் கேக்குறாங்க, ட்யூபை எப்படிக் கட்டுனன்னு ஒருத்தரும் கேக்குறதில்ல. அதனால இது நீளமாத்தான் போகும்.

மொதல்ல காத்து எடுக்கணும். கேட்ரிஜ் மாட்டுறதுக்கு முன்னாடியே, டேங்க்ல இங்க் ஊத்தி, செட்டோட வர்ற சிரிஞ்சை கேட்ரிஜ் அடியில இருக்குற வாய்ல வச்சு மெதுவா இழு. ட்யூப் முழுக்க இங்க் வந்து, கேட்ரிஜ் நெறஞ்சு, சிரிஞ்சுல குமிழ் இல்லாம சுத்தமா இங்க் வர்ற வரைக்கும். ஒவ்வொரு கலருக்கும் சிரிஞ்சைக் கழுவு. அவசரமா இழுத்தா நுரையாத்தான் வரும்.

அப்புறம் பிரிண்டரை ஆன் பண்ணி இங்க் பட்டனை அமுக்கி கேட்ரிஜ் மாத்துற எடத்துக்கு ஹெட்டு வண்டி வந்து நின்னதும் ப்ளக்கை எடுத்துடு. இப்ப வண்டியைக் கையால தள்ளலாம். பழைய கேட்ரிஜ் எடுத்துட்டு புதுச மாட்டு, ஒவ்வொன்னும் டிக்குனு உக்காரணும். ஒரு சைடு தூக்கிக்கிட்டு இருந்தா சிப் ஒட்டாது, கேட்ரிஜ் இல்லன்னு சொல்லும், சிப்பு கெட்டுப்போச்சுன்னு சண்டைக்குப் போவ.

இப்ப வண்டியை இடது கோடி வரைக்கும் தள்ளு. ட்யூப் இழுபடாம, கேட்ரிஜை ஒரு சைடா சாய்க்காம போகணும். அப்புறம் வலது கோடி, ஹெட் தங்குற எடம். அங்க வர்றப்ப மிச்ச ட்யூப் வளைஞ்சு எங்க போகுதுன்னு பாரு. மேல மூடில இடிக்குதா, பேப்பர் வர்ற வழில தொங்குதா, பின்னாடி இருக்குற மெல்லிசான கண்ணாடி மாதிரி பட்டை மேல உரசுதா. இந்த மூனுல எதுவும் கூடாது. நீளம் சரியா வர்ற வரைக்கும் கிளிப்பைத் தளர்த்தி இப்படி அப்படி தள்ளிப் பாரு, சரியானப்புறம் இறுக்கு. ட்யூபை வெட்டி நீளம் கொறைக்கிற வேலை மட்டும் வேணாம், ஒரு தடவை வெட்டுனா ஒட்ட முடியாது.

ஆறு ட்யூபும் ஒட்டி ரிப்பன் மாதிரி வரும். அது முறுக்கிக்காம தட்டையாப் படுக்கணும். முறுக்குனா வண்டி திரும்புறப்பல்லாம் ஒரு ஒதறல் வரும், போட்டோல வானம், சொவரு மாதிரி வெறும் எடத்துல பட்டை பட்டையா தெரியும். நாசில் செக் (எல்லா ஓட்டைலேர்ந்தும் இங்க் வருதான்னு கோடு அடிச்சுப் பாக்குறது) நல்லா இருக்கு, படத்துல மட்டும் பட்டைன்னு யாராவது சொன்னா நான் மொதல்ல மூடியைத் தொறந்து ட்யூபைத்தான் பாப்பேன்.

அடுத்து ட்யூபைத் தாங்குற கை. செட்டோட வர்ற பிளாஸ்டிக் கையும் டபுள் டேப்பும் நம்ம ஊரு சூட்டுக்கு நிக்காது. ஒட்டுன அன்னைக்கு நிக்கும், ஒரு வாரத்துல பசை எளகி கை சாயும், சாய்ஞ்ச கைல ட்யூப் தொங்கி, ஒரு நாள் வண்டி அதுல மாட்டி கேட்ரிஜோட புடுங்கும். நான் இப்படிப் பண்றேன்: ஒட்டுற எடத்தை மொதல்ல ஸ்பிரிட் போட்டுத் தொடைப்பேன், கை ரேகை எண்ணெய் கூட இருக்கக் கூடாது. நல்ல மொத்தமான போம் டேப் ஒட்டி நல்லா அமுக்கி, ஒரு நாள் சும்மா விட்டுடுவேன், ட்யூபை மறுநாள்தான் மாட்டுவேன். அதோட கேபிள் டை ஒன்னு கைக்கும் பிரிண்டர் உடம்புக்கும் சேர்த்து. கேபிள் டையை ட்யூப் மேலயே இறுக்கிடாத, ட்யூப் நசுங்குனா உள்ள இங்க் நிக்கும். ட்யூபுக்கு கிளிப், கைக்கு கேபிள் டை.

மூடி முழுசா மூடாது, ட்யூப் வெளிய வர்ற எடத்துல கொஞ்சம் தூக்கி நிக்கும். ட்யூபை மூடி கடிக்காத மாதிரி அந்த எடத்துல ஒரு சின்ன ரப்பர் துண்டு வச்சு தூக்கி விடு. தூசிக்கு மேல ஒரு துணி போட்டுக்கோ, ஓடாத நேரத்துல.

டேங்கையும் நிக்க வைக்கணும். மேசையில சும்மா விட்டா புள்ளைங்க கை படும், பூனை தள்ளும். டேங்க் அடியில ஒட்டுத்துணி, அதான் செருப்புல பேக்ல வர்ற கரகர துணி, அத ஒட்டி மேசையோட புடிச்சு வச்சிருக்கேன். ஊத்துறப்ப பேர்த்து எடுக்கலாம், மத்த நேரம் அசையாது. டேங்குக்கும் பிரிண்டருக்கும் நடுவுல ட்யூப் தரையில தொங்காம மேசை மேலயே படுக்கட்டும்.

எல்லாம் முடிஞ்சு ப்ளக் போட்டு, ஒரு தடவை ஹெட் கிளீனிங், ஒரு நாசில் செக். கோடு விட்டிருந்தா இன்னொரு தடவை கிளீனிங். அதுக்கு மேல வேணாம். ராத்திரி விட்டுடு. காத்துக் குமிழ் தானா மேல ஏறிடும், காலைல பாதிப் பிரச்சனை காணாமப் போயிருக்கும்.

10 மார்ச்

தம்பி எழுதுனது: "அண்ணே மாட்டிட்டேன், வண்டி ரெண்டு தடவை டமார்னு சொவத்துல இடிச்சுட்டு லைட்டு எல்லாம் மின்னுது."

நேத்து சொன்னேன்ல, பின்னாடி மெல்லிசான கண்ணாடி மாதிரி ஒரு பட்டை. அதுல கண்ணுக்குத் தெரியாத மாதிரி பொடிக் கோடு இருக்கு, வண்டி அதப் படிச்சுத்தான் தான் எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்குது. மாட்டுறப்ப அதுல இங்க் தெறிச்சிருக்கும், இல்ல எண்ணெய்க் கை பட்டிருக்கும். ப்ளக்கை எடுத்துட்டு மெல்லிய துணில தண்ணி தொட்டு, ரெண்டு பக்கமும் மெதுவா தொடச்சு விடு. ஸ்பிரிட் போடாத, கோடு அழிஞ்சாலும் அழிஞ்சிரும். கொக்கியிலேர்ந்து கழட்டவும் வேணாம்.

11 மார்ச்

சரியாயிடுச்சாம். நல்லது.

இன்னொருத்தர் இதே எடத்துல கேட்டிருக்காரு, இவ்ளோ கஷ்டத்துக்கு எப்சன் எல்800 பிரிண்டர் வாங்கிடலாமே, டேங்க் கம்பெனிலேயே வச்சு வருதே, ஆறு கலர், 70 மில்லி பாட்டில். காசு இருந்தா வாங்குங்க, நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ட்யூப் கட்டுற வேலை மிச்சம், மட்டம் பாக்குற வேலை மிச்சம். ஆனா இந்தத் தம்பி மாதிரி லயத்து வீட்லேர்ந்து தொழில் ஆரம்பிக்கிற பையன் கையில ஒரு பழைய டி60 இருந்தா அத வச்சே நல்ல படம் எடுக்க முடியும், ஒழுங்கா மாட்டுனா. அந்த ஹெட்டுல ஒரு கொறையும் இல்ல.

27 ஏப்ரல் 2014

ரொம்ப நாள் கழிச்சு. மழை ஆரம்பிச்சாச்சு, சாயங்காலம் ஆனா இடி. அதுல ஒரு விஷயம்.

நம்ம வீடுகள்ல இடி கேட்டா அம்மா மொதல்ல ஓடி எல்லா ப்ளக்கையும் புடுங்குவாங்க. டிவிக்கு சரி. பிரிண்டர் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப புடுங்குனா ஹெட் நடுவுல நின்னுடும், தன் எடத்துக்குப் போய் கேப்பிங் மேல உக்காராது. மூடாத ஹெட்டு காத்துல காயும். மறுநாள் லைட் கலர் ரெண்டும் (லைட் சியான், லைட் மெஜந்தா) பாதி வராது. பிரிண்டர்ல இருக்குற பட்டனை அமுக்கி ஆப் பண்ணு, வண்டி வலது கோடில போய் உக்காந்து சத்தம் அடங்கட்டும், அப்புறம் ப்ளக்கைப் புடுங்கு. கொஞ்ச நேரந்தான் ஆகும். மின்னல் அவ்ளோ கிட்ட இருக்குன்னா புடுங்கத்தான் வேணும், ஆனா மழை விட்டதும் மறக்காம ப்ளக் போட்டு ஆன் பண்ணி வண்டி தன் எடத்துக்குப் போறத பாத்துட்டு ஆப் பண்ணு.

மாட்டுறப்ப ப்ளக்கை எடுக்கச் சொன்னேனே அது எதுக்குன்னா, வண்டி கையில நகரணும்ங்கிறதுக்கு. அந்த வேலை நேரத்துக்கு மட்டுந்தான் அது. மாட்டிட்டு அப்படியே விட்டுட்டு சாப்பிடப் போயிடாதீங்க. அதே மாதிரி சொவத்து சுவிட்சை ஆப் பண்ணி கடை அடைக்கிற பழக்கம் நெறய கடையில இருக்கு, கரண்டு மிச்சம்னு. அதுவும் இதே கதைதான்.

30 ஏப்ரல்

ஒரு அக்கா கேட்டது, வாரத்துல ஒரு நாள் கூட அடிக்கறதில்ல, காயாம இருக்க என்ன பண்றது. ஆறு கலரும் இருக்குற மாதிரி ஒரு சின்னப் படம் வாரத்துக்கு ரெண்டு தடவை சாதாரண பேப்பர்ல அடிங்க அக்கா. கிளீனிங் குடுக்கறத விட இங்க் கம்மியாத்தான் போகும்.

15 ஜூன் 2014

இங்க் பத்தி கேட்டுக்கிட்டே இருக்கீங்க. எழுதிடுறேன், ஆனா இதுல எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு, முன்னாடியே சொல்லிடுறேன்.

டை இங்க் (கரைஞ்ச சாயம்), பிக்மென்ட் இங்க் (கரையாத நெறப்பொடி)னு ரெண்டு வகை. டி60-ல கம்பெனி கேட்ரிஜே டை இங்க்தான், போட்டோவுக்கு அதுதான் பளபளப்பா வரும். பிக்மென்ட் நிக்கும்னு சொல்லி இதுல ஊத்துனா பளபள பேப்பர்ல ஒரு செம்பு நெறம் அடிக்கும், ட்யூப்ல அடியில படியும். கோப்பைல பூப் போடுற சப்ளிமேஷன் இங்க் வேற சாதி, அதுக்குத் தனி பிரிண்டர். ஒன்ன எடுத்துட்டு இன்னொன்ன அதே டேங்க்ல ஊத்த வேணாம்.

இப்ப பிடிவாதம். என் கடைக்கு ஹீவுட், எல்பில் தோட்டத்துப் பக்கத்துலேர்ந்து வர்ற வேலைல ஒரு பங்கு எறந்தவங்க படம். பதினாறாம் நாள் படையலுக்கு 8ஆர் (எட்டுக்கு பத்து இஞ்ச்), சில பேர் அதவிடப் பெருசு. பெரும்பாலும் ஐசி (அடையாளக் கார்டு) படத்துலேர்ந்தோ, யாரோ கல்யாணத்துல ஓரமா நின்ன படத்துலேர்ந்தோ வெட்டி எடுத்து, பின்னாடி நீலம் போட்டு, குங்குமம் தெரியுற மாதிரி திருத்தி அடிக்கிறது. அந்தப் படம் சாமி அறையில மாட்டுவாங்க, தெனம் விளக்கு, ஊதுபத்தி. மலிவு டை இங்க் காத்துக்கும் வெளிச்சத்துக்கும் நிக்காது. காத்துல இருக்குற ஓசோன் மாதிரி வாயு டை நெறத்த அரிக்கும், அதுவும் சீக்கிரம் காயுற மைக்ரோபோரஸ் பேப்பர்ல துளை துளையா இருக்கிறதால இன்னும் சீக்கிரம். நெறம் ஒன்னு போல போகாது, ஒரு கலர் முன்னாடி போகும், முகம் செவப்பாவோ பச்சையாவோ திரும்பும். ஒரு பாட்டி தன் வீட்டுக்காரர் படத்த தூக்கிக்கிட்டு வந்து, வேற ஒரு கடையில அடிச்சது, "என்னா தம்பி இவரு மொகம் இப்படி மாறிப்போச்சு"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே முடிவு பண்ணேன், எறந்தவங்க படத்துக்கு கம்பெனி இங்க் போட்ட தனி பிரிண்டர், டேங்க் பிரிண்டர்ல அடிக்க மாட்டேன். காசு கூடத்தான் வாங்குறேன், ஏன்னு சொல்லித்தான் வாங்குறேன். கண்ணாடி போட்ட பிரேம்ல பின்பக்கம் டேப் ஒட்டி அடைச்சுத்தான் குடுப்பேன், கண்ணாடி காத்தத் தடுக்கும், அதுலயே ஆயுசு கூடும்.

திருவிழா 4ஆர், பொறந்தநாள் படம், இந்தியா விசாவுக்கு ரெண்டுக்கு ரெண்டு இஞ்ச் படம், இதுக்கெல்லாம் டேங்க் இங்க் தாராளமாப் போதும். வாங்குறவங்களுக்கும் தெரியும். ஆனா சொவத்துல பல வருஷம் மாட்டப் போற படம்னா சொல்லிட்டு அடிங்க. தொழில்ல இத ஒளிக்கக் கூடாதுன்னுதான் நான் நெனக்கிறேன், யாரு எப்படி வாதாடுனாலும்.

16 ஜூன்

வாதாடிட்டாங்க. "லேமினேட் பண்ணா போதாதா"ன்னு ஒருத்தர். காத்தத் தடுக்கும், வெளிச்சத்தத் தடுக்காது. பண்ணுங்க, ஒன்னும் இல்லாததுக்கு நல்லது. எறந்தவங்க படத்துல என் பேச்சு மாறாது.

தோல் நெறம் வச்சு கோளாறு கண்டுபிடிக்கிறதையும் இங்கயே எழுதிடுறேன். முகம் திடீர்னு செவந்து வந்தா லைட் சியான் வரல. வெளிறி பச்சை அடிச்சா லைட் மெஜந்தா வரல. உடனே கம்ப்யூட்டர்ல கலரத் திருத்தாதீங்க, மொதல்ல நாசில் செக். ரெண்டும் முழுசா வந்தும் நெறம் மாறுதுன்னா ஊத்துறப்ப சியானும் லைட் சியானும் எடம் மாறிடுச்சான்னு டேங்க் ஸ்டிக்கரப் பாருங்க.

2 செப்டம்பர் 2014

தம்பி: "அண்ணே லைட் ரெண்டும் மாறி மாறி மின்னுது, பாகம் ஆயுசு முடிஞ்சதுன்னு கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல வருது, பிரிண்டர் செத்துப் போச்சா?"

சாகல. ஹெட் கிளீனிங் குடுக்குற ஒவ்வொரு தடவையும் இங்க் அடியில ஒரு பஞ்சுல போய் சேருது. பிரிண்டர் அத எண்ணிக்கிட்டே இருக்கும், ஒரு கணக்கு வந்ததும் வழியுறதுக்கு முன்னாடி தானா நின்னுக்கும். டேங்க் வச்சவங்க கிளீனிங் தாராளமா குடுக்குறதால நமக்கு சீக்கிரம் வருது. கடையில கம்ப்யூட்டர் வழியா அந்த எண்ணிக்கையை சைபர் ஆக்கிக் குடுப்பாங்க, ஆனா கேட்டுக்கோ, எண்ணிக்கை சைபர் ஆச்சே ஒழிய பஞ்சு அப்படியேதான் நெறஞ்சு இருக்கு. பஞ்ச மாத்தணும், இல்ல அந்த வேஸ்ட் இங்க் ட்யூபை வெளிய எடுத்து ஒரு பாட்டில்ல விடணும். பாட்டில் பிரிண்டருக்குக் கீழ மட்டத்துல இருக்கட்டும், வாய் முழுசா அடைக்காத, காத்து போக வழி வேணும். பாட்டிலையும் சாயாமக் கட்டு. எண்ணிக்கையை மட்டும் அழிச்சுட்டு ஓட்டுனா ஒரு நாள் மேசைத்துணி கறுப்பாகும்.

8 பிப்ரவரி 2015

தைப்பூசம் முடிஞ்சு இப்பத்தான் மூச்சு விடுறேன். ஈப்போ கல்லுமலை கோயிலுக்கு வெளிய கூடாரம் போட்டு ஒடனே அடிச்சுக் குடுத்தோம், காவடி எடுத்தவங்க, மொட்ட போட்ட புள்ளைங்க, பால்கொடம் தூக்குன அம்மாங்க, எல்லாரும் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கையில படம். அந்த சந்தோஷத்த பாக்கத்தான் நான் இந்தத் தொழில்ல இருக்கேன்.

டேங்க் பிரிண்டர காடில (கார்ல) ஏத்துறது தனி வேலை. கெளம்புறதுக்கு முன்னாடி சின்ன ஓட்டை எல்லாத்தையும் அடைச்சுடுவேன், பெரிய மூடியும் அடைச்சிருக்கும். ட்யூபை டேங்க் கிட்ட கிளிப் போட்டு நசுக்கிப் புடிக்கணும், இங்க் அசையக் கூடாது, இந்த ஒரு நேரத்துக்கு மட்டும் நசுக்கலாம். பிரிண்டரும் டேங்கும் ஒரே பலகைல வச்சு, ரெண்டும் அந்தப் பலகையோட கட்டி, பலகையோட தூக்குறது. அப்பத்தான் எறக்குறப்ப பிரிண்டர் ஒருத்தர் கையில டேங்க் இன்னொருத்தர் கையில, ஒன்னு மேல ஒன்னு கீழன்னு போகாது. காடி பின்சீட்ல தட்டையா. போன எடத்துல கிளிப் எடு, சின்ன ஓட்டைல பில்டர் மாட்டு, நாசில் செக், அப்புறம் வேலை. ஜெனரேட்டர் கரண்டுல ஓட்டுனா நடுவுல நின்னு போகும், இடி பத்தி எழுதுனதேதான், பட்டன்ல ஆப் பண்ணிட்டுத்தான் ஜெனரேட்டர்ல எண்ணெய் ஊத்தணும்னு பையங்ககிட்ட கண்டிப்பா சொல்லி வச்சிருந்தேன்.

பேப்பர் இன்னொன்னு. வெளில ஈரக் காத்துல பேப்பர் பாக்கெட்ட முழுசா தொறந்து வச்சா ஓரம் சுருண்டு ஹெட்ல உரசும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மிச்சத்த டப்பால மூடி வை.

12 ஏப்ரல் 2015

இந்த மாசம் ஒன்னாம் தேதிலேர்ந்து ஜிஎஸ்டி 6 விழுக்காடு, பேப்பர் இங்க் எல்லாம் ஏறிப்போச்சு, நெறய பேர் டேங்க் பக்கம் வர்றாங்க, அதனால இந்தப் பக்கத்த திரும்ப மேல தூக்கி விடுறேன். புதுசா வர்றவங்க மார்ச் 9 எழுதுனத முழுசா படிச்சுட்டு அப்புறம் கேளுங்க.

கேட்டதுல ஒன்னு மட்டும் புதுசு. பழைய கறுப்பு வெள்ளைப் படம். சுங்கை சிப்புட்ல வீட்டுக்கு வீடு இருக்கும், தோட்டத்துக்கு அந்தக் கால மந்திரி துன் சம்பந்தன் வந்தப்ப வரிசையா நின்ன படம், கித்தா (ரப்பர்) மரம் வெட்டப் போறப்ப வாளியோட எடுத்த படம். அத ஸ்கேன் பண்ணி ஆறு கலர்ல அடிச்சா சாம்பல் நெறம் சாம்பலா வராது, பச்சையோ செவப்போ ஒரு சாயல் அடிக்கும், வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறியும் தெரியும். ஆறு கலரையும் கலந்துதான் சாம்பல் உண்டாக்குது, ஒரு கலர் கொஞ்சம் அசந்தாலும் அதுல காட்டிக்குடுத்துடும். நான் அத அப்படியே லேசா பழுப்பு சாயலுக்கு மாத்தி அடிச்சுடுறேன், பழைய படத்துக்கு அது பொருந்தும், சாயல் மாற்றமும் மறையும். சுத்தமான சாம்பல்தான் வேணும்னு கேக்குறவங்கள ஈப்போல லேப்புக்கு அனுப்பிடுறேன்.

19 ஏப்ரல் 2015

தம்பிக்கு லைட் மெஜந்தா தெனம் காலைல மட்டும் விட்டுப்போகுதாம், ஒரு கிளீனிங் குடுத்தா நாள் முழுக்க நல்லா வருதாம். ஆறு கலரும் விட்டா மட்டம் தப்பு. ஒரே கலர், ஒரே நேரம்னா அந்தக் கலர் வழில எங்கயோ காத்து உள்ள வருது, ராத்திரி முழுக்க இங்க் மெதுவா பின்னாடி போகுது. கேட்ரிஜ் தலைல ட்யூப் சொருகுற எடத்துல ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், சூட்டுல காஞ்சு விரிசல் விட்டிருக்கும். அத மாத்து, அந்தக் கலருக்கு மட்டும் சிரிஞ்சு வச்சு காத்து எடு.

22 ஏப்ரல்

ரப்பர் மாத்தியாச்சாம், காலைல நாசில் செக் முழுசா வந்திருக்கு, படம் அனுப்பிருக்கான். தொழில் நல்லாப் போகுது போல, இப்ப ஏ3 பெருசு அடிக்க எப்சன் 1390 பிரிண்டர் ஒன்னு பாத்து வச்சிருக்கானாம். கேட்ரிஜ் ரெண்டுக்கும் ஒன்னுதான், அதனால டி60 செட்டையே கழட்டி அதுல மாட்டிக்கவான்னு கேக்குறான். கேட்ரிஜ் உக்காரும் தம்பி, ட்யூப் எட்டாது. 1390-ல வண்டி அவ்ளோ தூரம் ஓடணும், இடது கோடிக்குப் போறப்ப கேட்ரிஜப் புடுங்கிடும். அதுக்குன்னே நீள ட்யூப் வச்ச செட்டு இருக்கு, அத வாங்கு, வாங்குனதும் ப்ளக் போடுறதுக்கு முன்னாடி கையால ரெண்டு கோடிக்கும் தள்ளிப் பாத்துட்டு எழுது.